பழகிய சொற்களில் இருக்கும் பள்ளம்

செம்பூர், மும்பை

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் உங்கள் இருவர் பேரிலும் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்று படித்தபோது மனம் நிறைந்தது. பாலிசி கைக்கு வந்து 12 நாளாகிறது என்றும், கோ-பே, டிடக்டிபிள் ஆகிய இரண்டும் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அவை எளியவைதான். கோ-பே 20 சதவீதம் என்றிருந்தால், கம்பெனி ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு லட்சத்திலும் 20,000 ரூபாய் உன் பொறுப்பு. டிடக்டிபிள் என்பது முதலில் நம் கையிலிருந்து போகவேண்டிய தொகை. அதைத் தாண்டிய செலவுக்குத்தான் கம்பெனி பணம் தரும்.

புரியாத சொல்லைக் கண்டால் நாம் யாரிடமாவது கேட்டுவிடுகிறோம். எனக்குக் கவலை தருபவை, தெரிந்ததாக நினைத்து நாம் தாண்டிப்போகும் சொற்கள். என் மைத்துனருக்கு நேர்ந்ததைச் சொன்னால் உனக்கே விளங்கும்.

சென்ற மாதம் அவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய பாலிசியும் ஐந்து லட்சம்தான். அதில் ரூம் ரென்ட் ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரை என்று ஒரு வரி இருந்தது. நாளுக்கு 10,000 ரூபாய் வாடகையுள்ள அறையை எடுத்துக்கொண்டு, நான்கு நாளுக்கு மிஞ்சிப்போனால் 20,000 ரூபாய்தான் கைப்பணம் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அந்த வரி வாடகையோடு நிற்பதில்லை. அறையின் தரத்துக்கேற்ப மருத்துவர் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் உயரும் மருத்துவமனைகளில், வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவதற்கு விதியில் இடமுண்டு. வாடகை 40,000, மருத்துவர், மயக்கமருந்து நிபுணர், தியேட்டர் முதலியவை 1,60,000, மருந்தும் பரிசோதனைகளும் 60,000 என 2,60,000 ரூபாய் பில் வந்தது. மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் இந்த வெட்டு கிடையாது என்பதால் அந்த 60,000 முழுதாகக் கிடைத்தது. அவர் எடுத்த அறையின் வாடகை வரம்பைப்போல் இரு மடங்கு என்பதால், மற்ற இரண்டிலும் பாதி போயிற்று. ஆக, அவர் ஒரு லட்சம் ரூபாய் கட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார். உடம்பு தேறிவிட்டது, அந்த ஒரு லட்சம்தான் இன்னும் அவருக்கு ஆறவில்லை. அட்மிஷன் மேசையில் ஒருவராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

கேஷ்லெஸ் என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. பணமே வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. பாலிசி ஏற்கும் பங்கை மருத்துவமனையும் கம்பெனியும் தமக்குள் தீர்த்துக்கொள்ளும், அவ்வளவே. சேரும்போது கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி முடிவு சொல்லவேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. இதை மட்டும் வீட்டில் மீனாட்சியிடமும் சொல்லி வை.

இனி உன்னைப் பற்றியது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாய். விண்ணப்பத்தில் அதை எழுதவேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னதாகக் கடிதத்தில் ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், அதற்கான வெயிட்டிங் பீரியட், அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காமல் காத்திருக்கவேண்டிய காலம், அதிகபட்சம் 36 மாதம். பாலிசியை விடாமல் புதுப்பித்து வந்தால், அதன்பின் சர்க்கரையால் வரும் சிகிச்சைக்கும் பணம் கிடைக்கும். மறைத்தாலோ, ஒருநாள் மருத்துவமனைக் குறிப்பில் 'ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை' என்று மருத்துவர் எழுதும் ஒரு வரியைக் காட்டியே கிளெய்மை மறுத்துவிட முடியும். ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று யாரேனும் சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதே. மோசடி என்று கம்பெனி நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஃப்ரீ-லுக் என்று உன் பாலிசியில் ஒரு சொல் இருக்கும். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்து, சிறு கழிவு போகப் பிரீமியத்தைத் திரும்பப் பெறும் உரிமை அது. நீ கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் உனக்கு 18 நாள்தான் இருக்கிறது. இன்றே சர்க்கரை நோயைக் குறிப்பிட்டு, விண்ணப்பத்தில் சேர்க்கும்படி கம்பெனிக்கு எழுத்தில் கொடு. அவர்கள் பிரீமியத்தைக் கூட்டினாலும் கூட்டட்டும், ஒப்புக்கொள்ள முடியாத நிபந்தனை ஏதும் வைத்தால் அந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாலிசியோடு வந்த தகவல் தாளை உள்ளூர் மொழியிலும் கேட்டுப் பெறலாம் என்பதால், நீ அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு அதைத் தமிழிலேயே கேள். அதில் ரூம் ரென்ட் என்ற வரி எப்படி இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிறு மாலை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
ராமநாதன்