பதினாறு பாட்டு ஜாஸ்தி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசலாம்தான். போனில் நீ "சாப்டியாம்மா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு முடிந்துவிடும். முப்பத்தோரு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள், பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் ராப் ஆல்பத்தை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. நீ வேகமாக ஓடுகிறாய், நான் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன். இரண்டாவது தடவை உன் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளை எழுதிக் காட்டினாள். மூன்றாவது தடவை விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கேட்டேன். ஆகவே நான் சொல்லப்போவதை "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்காதே.

போன வாரம் சொன்னாய்: "மூணு வாரம் ஆச்சும்மா, யாரும் கேக்கல. குழுவுல இருந்தப்ப வந்த கூட்டத்துல பாதிகூட இல்ல. எழுதினவங்களும் நல்லா இருக்குன்னு ஒரு வரி, நீளம்னு நாலு வரி." பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த அன்றைக்கு இருந்த அதே குரல்.

அன்று ராத்திரி உன் அலமாரியைத் துழாவியதில் அந்த சிடி கிடைத்தது. அமெரிக்க ராப் பாடகன் நாஸ் பாடிய 'இல்மேட்டிக்'. சின்னப் பையன் முகமும் அதன் மேலேயே தெருவும் கட்டடமும் தெரியுமே, அதுதான். "இந்தக் கத்தலை நிறுத்துடா" என்று எத்தனை தடவை உன் கதவைத் தட்டியிருப்பேன்! இப்போது நானே போட்டுக் கேட்டேன். அக்கா மகள் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். உனக்கு எல்லாம் தெரிந்ததுதான். இருந்தாலும் நான் சொல்லுகிற மாதிரி ஒரு தடவை கேள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை. நியூயார்க்கில் குயின்ஸ்பிரிட்ஜ் என்கிற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவன். 1991இல் மெயின் சோர்ஸ் குழுவின் ஒரு பாட்டில் முதல் சரணத்தை மட்டும் பாடினான், அதற்கே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் உயிர்ச் சிநேகிதனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1994 ஏப்ரல் 19 அன்று ஆல்பம் வந்தபோது அவனுக்கு இருபது வயது. 'தி சோர்ஸ்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்தது, அவர்கள் மார்க் போடுவது மைக் கணக்கில்தான். முதல் ஆல்பம் போடுகிறவனுக்கு அது லேசில் கிடைக்காதாமே. ஆனால் விற்பனை? வெளிவருவதற்கு முன்பே திருட்டுப் பிரதிகள் கடைக்குப் போய்விட்டன. பில்போர்டு என்கிற அமெரிக்க ஆல்பம் வரிசைப் பட்டியலில் பன்னிரண்டாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஐந்து லட்சத்துக்கான கோல்டு சான்றிதழ் 1996 ஜனவரியில், பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2001இல். இன்றைக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பாற்றி வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று போட்டிருக்கிற பட்டியலில் அது இருக்கிறது.

உடனே "உனக்கும் ஏழு வருஷத்தில் பிளாட்டினம்" என்று முதுகைத் தட்டுவேன் என்று நினைக்காதே. வரலாம், வராமலும் போகலாம். மெதுவாக விற்று, அப்படியே எல்லோருக்கும் மறந்துபோன ஆல்பங்கள்தான் உலகத்தில் ஜாஸ்தி இருக்கும். எனக்கு உறைத்தது வேறொரு கணக்கு. அந்த ஆல்பத்தில் மொத்தம் பத்துதான். அதிலும் முதலாவது வெறும் முன்னோட்டம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப் என்று பெரிய கைகள் ஆளுக்கொரு பக்கம் இசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ராப் பாட வெளியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், ஏஸீ. இருபது வயதில், இத்தனை பேர் கூப்பிட்டால் வருகிற நேரத்தில், போதும் என்று நிறுத்தத் தெரிந்திருக்கிறது.

உன்னுடையது பதினாறு பாட்டு, ஒரு மணி ஆறு நிமிஷம். கோபித்துக்கொள்ளாதே, நீளம் என்று எழுதியவர்கள் சொன்னது சரி. ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று, இந்த மூன்றிலும் நீ பழைய குழுவோடு சண்டை போடுகிறாய். யார் என்ன சொன்னார்கள், நீ யாருக்குப் பதில் சொல்கிறாய் என்று எனக்கே விளங்கவில்லை, எங்கேயோ இருக்கிறவனுக்கு எப்படி விளங்கும்? முகவரி சரியில்லாத கடிதம் நாலு ஊர் சுற்றிவிட்டு அனுப்பியவனிடமே திரும்பி வரும். எத்தனையோ பார்த்தாயிற்று. இன்னொன்று, பதினோராவதில் 'மழை' வருகிற இடமெல்லாம் 'மலை'யாக விழுகிறது. வேகத்தில் நாக்கு மடங்கவில்லை என்றால் வேகத்தைக் குறை. உன் வாயில் 'ழ' வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலாவது பாட்டு அப்பாவைப் பற்றியது. எல்லோரும் அதைத்தான் நல்லா இருக்கு என்கிறார்கள். எனக்கும் பிடித்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் குத்தவும் செய்தது. வீட்டை விட்டுப் போனவருக்கு ஒரு முழுப் பாட்டு. இருந்தவளுக்கு?

நாஸ் விஷயத்திலும் இதே கதைதான். மூன்றாவது பாட்டின் கடைசியில் கார்னெட், அதாவது சின்ன டிரம்பெட் மாதிரி ஒரு வாத்தியம், ஊதுகிறவர் அவனுடைய அப்பா, ஓலு தாரா. ஜாஸ் வாசிக்கிறவர். உறையில் இருக்கிற ஏழு வயசுப் படம்கூட அவர் வெளிநாட்டுக் கச்சேரி முடித்து வீடு திரும்பிய சமயத்தில் எடுத்ததாம். அவருடைய சொந்த முதல் ஆல்பம் 1998இல்தான் வந்தது, ஐம்பத்தேழு வயதில், மகனுக்கு நாலு வருஷம் கழித்து. அழகான கதை, எனக்கும் ரசிக்கத் தெரியும். "அம்மா என்ன பண்ணினாங்க?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். தேடிவிட்டுச் சொன்னாள்: "ஆன் ஜோன்ஸ். போஸ்ட் ஆபீஸ்ல வேலை, பாட்டி." நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் 2002இல் புற்றுநோயில் போய்விட்டாள். அவளுக்கென்று ஒரு பாட்டு அந்த வருஷக் கடைசியில் வந்தது. அதிலும் கடைசியில் அப்பாவின் கார்னெட் வருகிறது. அன்று ராத்திரி அதையும் போடச் சொல்லிக் கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம், அதைக் கேட்கத்தான் இத்தனை பக்கம். உன் ஏழாவது பாட்டில், மேளத்துக்கு அடியில், காதை வைத்துக் கேட்டால் மட்டும் ஒரு சத்தம் வருகிறது. தொப்... டக். தொப்... டக். மைப் பெட்டியில் ஒரு குத்து, கவரில் ஒரு குத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கவுண்டருக்குப் பின்னால் தபால் பைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், ஞாபகமிருக்கிறதா? ஒரு கட்டு தீர்ந்ததும், இடது கையால் அடுத்த கட்டை இழுக்கிற நேரத்துக்குச் சத்தம் சட்டென்று நின்று, பிறகு மறுபடி தொடங்கும். உன் பாட்டிலும் அதே இடத்தில் நின்று தொடங்குகிறது.

வரிகளை மறுபடி மறுபடி பார்த்தேன், அதில் போஸ்ட் ஆபீஸும் இல்லை, நானும் இல்லை. நான் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அந்தச் சத்தத்தை எங்கே பிடித்தாய்? இல்லை, கிழவி காதுக்குத்தான் அப்படிக் கேட்கிறதா?

பதில் போடு. அடுத்த மாதம் மேடையில் பாடும்போது எதையாவது விடுவதென்றால் ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்றை விடு. ஏழில் கை வைக்காதே.

அம்மா