நைட்ரஜன் ஊற்ற ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிற்காலத்தில் உயிர்ப்பிக்க முடியலாம் என்ற எண்ணத்தில் இறந்தவர் உடலை உறையவைத்துப் பாதுகாக்கும் கிரையோனிக்ஸ் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு இடம் உறுத்தியது. உடலை ராட்சத ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள் என்று ஒரு வரி, இதெல்லாம் கோடீஸ்வரர்களின் விளையாட்டு என்று இன்னொரு வரி. நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திரவ நைட்ரஜனோடு பிழைப்பு நடத்தியவன் என்பதால் முதல் வரியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது வரியைப் பற்றிப் பேசக் காரணம், மிச்சிகனில் இருக்கும் என் அக்கா மகன். அவன் இதில் பெயர் கொடுத்திருக்கிறான்.

சினை ஊசி போட வருகிறவரின் வண்டியில் ஒரு அலுமினியக் கேன் இருப்பதைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன், அதில் மூழ்கியபடி உறைவிந்துக் குச்சிகள். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், அவ்வளவுதான். மூடியைக்கூட இறுக்க மாட்டோம். இறுக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். அதனால் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அளவுக்குச்சியை உள்ளே விட்டு, சில நொடி வைத்திருந்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால் திரவம் தொட்ட உயரம் வரைக்கும் வெள்ளையாகப் பனி பிடிக்கும். அந்த வெள்ளை இறங்கிவிட்டால் உடனே ஊற்றியாக வேண்டும். மறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் வீண். கேனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்து, மாடு மறுபடியும் கத்துகிறது என்று விவசாயி வந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும்.

மனித உடலை வைப்பதும் இதே நைட்ரஜனில்தான். மிச்சிகனில் கிளின்டன் டவுன்ஷிப்பில் இருக்கும் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆகட்டும், அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் நகரத்து அல்கோர் ஆகட்டும், வைத்திருப்பது எங்கள் கேனின் பெரிய அண்ணன்களைத்தான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கரண்டை நம்பியவர்கள் கதை வேறு. பிரான்சில் ரேமோன் மார்ட்டினோ என்ற டாக்டர் 1984ல் இறந்த தன் மனைவியைத் தன் மாளிகையின் நிலவறையில் மின்சார ஃப்ரீசரில் வைத்திருந்தார். 2002ல் அவர் இறந்ததும் மகன் அவரையும் பக்கத்திலேயே வைத்தார். 2006ல் ஃப்ரீசர் பழுதாகி வெப்பம் ஏறிவிட்டது. கடைசியில் மகனே இருவரையும் எரியூட்டினார்.

நைட்ரஜனை நம்பினாலும் ஊற்ற ஆள் வேண்டுமே. கலிபோர்னியாவில் ராபர்ட் நெல்சன் என்று ஒருவர். தொழிலில் டிவி மெக்கானிக். கிரையோனிக்ஸ் சங்கத்துக்குத் தலைவராகி, சாட்ஸ்வொர்த் ஊர் மயானத்தில் நிலவறை கட்டி உடல்களை வைத்தார். பணம் கட்டிவந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அவர் வெளியே சொல்லாமல் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. 1979ல் உடல்கள் எல்லாம் கெட்டுப்போனது வெளியே வந்து, வழக்காகி, அந்த இயக்கத்தின் பெயரே நாறிப்போனது.

அதே நெல்சன் கூட்டம் 1967 ஜனவரி 12ல் முதன்முதலாக உறையவைத்தது ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியரை. அவர் உடல் மட்டும் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது, இப்போது அல்கோரில். காரணம் விஞ்ஞானம் இல்லை. அவர் மனைவியும் மகனும் உடலை நெல்சனிடம் விடாமல் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். உயிலை எதிர்த்து உறவினர்கள் போட்ட வழக்குக்குப் பணம் கரைந்தது. ஒரு கட்டத்தில் வாடகைக் கிடங்கில் வைத்து நைட்ரஜன் ஊற்றிப் பராமரித்தார்கள். 1991ல் புதுக் கலனுக்கு மாற்றத் திறந்தபோது, முதல் நாள் வைத்த ஐஸ் கட்டிகள்கூட உருகாமல் இருந்தனவாம். இதைப் படித்தபோது எழுந்து நின்று அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது. கேன் தூக்கியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்த இயக்கத்துக்குச் சாதாரண மனிதர்கள் செய்யக்கூடியது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சொல்வது இதுதான். நம்ப வேண்டாம், சேரவும் வேண்டாம். தொடர்ந்து ஊற்றுகிறவர்களுக்குக் கை கொடுத்தால் போதும். பின்னால் வந்த நிறுவனங்களும் சாட்ஸ்வொர்த்தில் பட்ட பாட்டை மறக்கவில்லை. உறவினர் மாதாமாதம் கட்டுவது என்ற பேச்சே இப்போது இல்லை. முன்பணமாக மொத்தத் தொகை, அதில் ஒரு பங்கு முதலீடு, அதன் வருமானத்தில் நைட்ரஜன். அல்கோர் இதற்கென்றே 1997ல் தனி அறக்கட்டளை வைத்தது. சேருகிறவர்கள் ஆண்டுதோறும் கணக்கைக் கேட்க வேண்டும். கூட்டுறவுப் பால் சங்கத்தில் கணக்குக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

சரி, கோடீஸ்வரர் விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறான். வீட்டுக் கடன் இருக்கிறது. மிச்சிகன் நிறுவனத்தில் ஆயுள் உறுப்பினராக 1,250 டாலர் கட்டினான். இறந்தபின் கொடுக்க வேண்டியது 28,000 டாலர். அதற்கு ஆயுள் காப்பீடு எடுத்து, பணம் நிறுவனத்துக்குப் போகும்படி எழுதிவிட்டான். உடலைக் கொண்டுபோகும் செலவு தனி. அல்கோரில் இதைவிடப் பல மடங்கு ஆகும், அது வேறு கணக்கு. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இப்படிக் காப்பீட்டை நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

"மாமா, நான் எழுந்து வருவேன்னு சொல்லலை. எரிச்சுட்டா வாய்ப்பு பூஜ்யம், இதுல பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்" என்றான். எனக்கு இதில் வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை.

வாதாடியது என் அக்கா. "ஏன்டா தம்பி, பெத்தவ நான் உசுரோட இருக்கையில இவன் சாகறதுக்குக் காகிதம் போடறானாமா? நெருப்புகூட வைக்கக் கூடாதாமா?" என்று போனில் ஒரே அழுகை. சிரிக்கத் தோன்றலாம், ஆனால் இந்தக் காரியம் உண்மையில் கெடுவது இந்த இடத்தில்தான். இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து உடலைக் குளிர வைக்க வேண்டும், ரத்தம் கட்டாமல் மருந்து கொடுக்க வேண்டும், மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடர வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டார் நின்று தகராறு செய்தாலோ, பிரேதப் பரிசோதனை என்று இழுத்தாலோ, எவ்வளவு காப்பீடு இருந்தும் பிரயோசனம் இல்லை. அதனால்தான் நெருங்கிய உறவுகள், தடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பெரிய உதவி என்கிறார்கள். என்னைக் கேட்டால் பணம் கொடுப்பதைவிட இது பெரிது. அக்கா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். தான் போகும்போது எந்த வேலை இருந்தாலும் அவன் விமானம் ஏறி வந்து கொள்ளி வைக்க வேண்டும், அப்படிச் சத்தியம் செய்தால் கையெழுத்து. அவன் செய்தான். அவளும் போட்டாள்.

இங்கிலாந்தில் 2016ல் ஒரு வழக்கு. புற்றுநோயில் சாகக் கிடந்த 14 வயதுப் பெண் தன்னை உறையவைக்கச் சொல்லி நீதிபதிக்கே கடிதம் எழுதினாள். அம்மா சரி என்றார், பிரிந்துபோன அப்பா தயங்கினார். நீதிபதி பீட்டர் ஜாக்சன், முடிவெடுக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணின் உடல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆனால் உடலைத் தயார் செய்ய வந்த தன்னார்வலர்களிடம் போதிய சாதனமும் இல்லை, ஒழுங்கும் இல்லை என்று மருத்துவமனை குறை சொன்னதும் தீர்ப்போடு சேர்ந்து வெளியானது. எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான். அங்கே குறைவது பணக்காரர் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டத் தெரிந்தவர், ஊசி போடத் தெரிந்த நர்ஸ், பிணம் கையாளத் தெரிந்தவர் ஆகியோர் விடுமுறை நாளில் வந்து பயிற்சி எடுத்தால் அதுவே பெரிய ஆதரவு. ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவினர் ஆளுக்கு 50,000 ஆஸ்திரேலிய டாலர் போட்டு ஹோல்புரூக் என்ற சின்ன ஊரில் ஒரு நிலையமே கட்டிவிட்டார்கள். 2024ல் முதல் உடல் வந்தது. (கடலுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த ஊர்ப் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை வேறு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துணிந்த ஊர்தான்.)

சிறு காசும் வேலை செய்யும். அமெரிக்காவில் கிம் சுவோஸி என்ற 23 வயது மாணவிக்கு மூளையில் புற்றுநோய். கையில் பணம் இல்லை. 2012ல் இணையத்தில் வெளிப்படையாகக் கேட்டார். முகம் தெரியாதவர்கள் கொடுத்த பணமும் ஆதரவாளர்கள் திரட்டியதும் சேர்ந்து, 2013 ஜனவரியில் அவர் இறந்தபோது அல்கோரில் இடம் கிடைத்தது. பிறகு எடுத்த ஸ்கேனில், பனி உறையாமல் காக்கும் மருந்து மூளையின் வெளிப்பகுதிக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது தெரிந்தது. அதையும் பத்திரிகைக்கு மறைக்காமல் சொன்னார்கள். இந்த நேர்மை இருக்கும்வரை நான் இவர்களைப் போலிச் சாமியார் கணக்கில் சேர்க்க மாட்டேன். பஞ்சாபில் நூர்மஹல் ஆசிரமத்தில் 2014 முதல் சீடர்கள் ஃப்ரீசரில் வைத்திருக்கும் சாமியாரையும் இதையும் சிலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். அங்கே சீடர்கள் சொல்வது சமாதி நிலை. இங்கே இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்லாமல் யாரும் உடலைத் தொடுவதில்லை.

ஆதரிக்கிறேன் என்று கிளம்பி இல்லாததைச் சொல்கிறவர்கள்தான் எனக்கு எரிச்சல். ஆஸ்திரேலியாவில் 1968ல் உறையவைத்த ஆட்டு விந்தை 2019ல் எடுத்துப் போட்டதில் 56 ஆடுகளில் 34 சினை பிடித்தன. உண்மை. ஐம்பது வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. உடனே மனிதனும் அப்படித்தான் என்று வாட்ஸப்பில் பரப்பினால் எப்படி? விந்தணு தனித்தனிச் செல். கால் மில்லிக் குச்சிக்குள் குளிர் சட்டென்று எட்டிவிடும். அந்தக் குச்சியையே 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் சரியாகப் பிடிக்காவிட்டால் பாதி செத்துவிடும். மூளை போன்ற பெரிய உறுப்பில் வெளியே ஒரு வெப்பம், உள்ளே ஒரு வெப்பம், நடுவில் பனிக்கட்டி, விரிசல். முழு மனித மூளையையோ உடலையோ இப்படி உறையவைத்து யாரும் இதுவரை மீட்டதில்லை.

மீட்டது எலியின் சிறுநீரகத்தை. 2023ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிச் சிறுநீரகங்களைப் பனிக்கட்டி உருவாகாமல் கண்ணாடி போல உறையவைத்து, 100 நாள் வரை வைத்திருந்து, ரத்தக் குழாய்க்குள் செலுத்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி ஒரே சீராக உருக்கினார்கள். வேறு எலிக்குப் பொருத்தினார்கள், வேலை செய்தது. கிரையோனிக்ஸ் என்றால் முகம் சுளிப்பவர்களும் மனசாரக் கை கொடுக்கக்கூடிய இடம் இது. மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தை நம் ஊரில் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸில் பறக்க விடுகிறோம். சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பதுதான் காரணம். உறுப்பை மாதக்கணக்கில் வைக்க முடிந்தால் அந்த ஓட்டமே தேவையில்லை. உடலையே உறையவைக்க நினைக்கிறவர்களுக்கும், பெயர் பதிவு செய்துவிட்டுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் வேண்டியது ஒரே ஆராய்ச்சி. உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பினால், அந்த இயக்கத்துக்கு நாம் அனுப்பக்கூடிய நன்கொடையில் அதுதான் பெரியது.

என்னைப் பொறுத்தவரை கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதியை எரித்துக் கூடுதுறையில் கரைத்தால் போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்பதற்காக, வேண்டும் என்கிறவனைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் உங்கள் வாசகர்களில் ஏராளம். எங்கள் வீட்டைப் போல இன்னும் சில வீடுகளில் இந்தப் பேச்சு வந்திருக்கலாம், இனிமேல் வரலாம். பிள்ளை திடீரென்று காலமானால் யாரிடம் பேசுவது, எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும், உடல் இங்கே வருமா வராதா, சடங்கை எப்படிச் செய்வது என்றெல்லாம் பெற்றவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் ஒரு மருத்துவரையும் வைத்துத் தொடர்ந்து நாலு வாரம் எழுதச் சொல்லுங்கள். நைட்ரஜன் பற்றிய பகுதி வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.