கோலமும் ஆல்பனாவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் சொன்னது. வேலூரில் அதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் லாட்ஜ் அறைகளில் வாரக்கணக்கில் கிடக்கிறார்கள். கடைப் பலகைகளில் அவர்கள் மொழியை எழுதிவிட்டோம். முகம் பார்த்து ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன மார்கழியில், எதிர் லாட்ஜில் கணவரின் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஒரு வங்காள அம்மா, நான் கோலம் போடுவதைத் தினமும் நின்று பார்ப்பார். ஒருநாள் மாவுக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் மாவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் கொடியும் நெற்கதிருமாக இழுத்தார். "ஆல்பனா" என்றார். நான் "கோலம்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு முன்பே வாசலில் வந்து காத்திருந்தார். ஊருக்குக் கிளம்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் தாங்கவில்லை.

லாட்ஜ் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசலில் நிழல் விழும் இடத்தில் இரண்டு பெஞ்சுகளாவது போடுங்கள். பக்கத்தில் வந்து உட்கார நாங்கள் இருக்கிறோம்.

– ஒரு வாசகி, வேலூர்