நட்டவள் பெயரும் வேண்டும்

ஆசிரியருக்கு,

கொரியாவின் எளிய மக்களைத் தேடிய வரலாற்று ஆய்வு பற்றிய கட்டுரை கண்டேன். அந்நாட்டை முன்பு ஆண்ட சோசன் அரசு மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடும்பப் பதிவேடுகளில் ‘நோபி’ என்னும் அடிமைகளின் பெயரும் வயதும் உண்டு. சொத்தாக எண்ணி எழுதியதுதான். ஆனாலும் இன்று அவர்களை அறிய அதுவும் ஒரு வழி! 1894இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கசாப்புத் தொழில் செய்து, தாழ்ந்தவராக ஒதுக்கப்பட்ட பெக்ஜோங் மக்களோ 1923இலும் சின்ஜு நகரில் சமத்துவம் கேட்டு இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது.

கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். சிட்டாவில் பட்டாதாரர் பெயர் இருக்கும். நாற்று நட்டவள் பெயர் இருக்காது. மேலூர்ப் பக்கம் பரண்களில் பழைய ஓலைகள் கிடந்தால் எரிக்காதீர்கள். ஆள் விற்ற அடிமை ஓலையானாலும் குடும்ப கௌரவம் பார்த்து மறைக்காமல் கொடுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை அவற்றைப் படியெடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் அச்சிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.,
மேலூர்