லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேரன் பிறந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். ரொம்ப சந்தோஷம். கடைசியில், "அப்படி என்னதான் தூரம், ஒரு தடவை வந்து பார்க்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் தாண்ட முடியவில்லை.

ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 20,000-க்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. அதில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு நமக்கு நடுவே கிடக்கிறது. சுவரில் மாட்டிய உலகப் படத்தை வைத்து இதை அளக்காதே. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பார். நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. அதையே தட்டையான படத்தில் வரைந்தால் வளைந்து தெரியும்.

2018 மார்ச்சிலிருந்து எங்கும் இறங்காமல் போகும் விமானம் இருக்கிறது. இங்கிருந்து வர சுமார் பதினேழு மணி நேரம். அங்கிருந்து திரும்பும்போது அதைவிடக் கூடுதலாகும். பூமி சுற்றுவதுதான் காரணம் என்று நீ எழுதியிருந்தாய். அது இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று ஒன்று உண்டு. கிழக்கே போகிறவரை அது தள்ளிவிடும், மேற்கே வருகிறவரை எதிர்த்து நிற்கும்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் உன் ஊர்க் கதை ஒன்று கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். 1943 முதல் 1945 வரை கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே பறந்தன. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று வானொலித் தொடர்பை நிறுத்திவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். பாதிக்கும் குறைவான அந்த வழிக்கே 27 முதல் 33 மணி நேரம் ஆனது. எரிபொருள்தான் பாரம் முழுவதும், பயணிகள் அதிகபட்சம் மூன்றே பேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்துவிடுவார்களாம். போர் முடிந்து 1947-இல் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் பயணிகள் விமானம் விட்டபோதும் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நான்கு நாட்கள் ஆயின.

முழங்கால் வலியைச் சொல்லி இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று பேரை நினைத்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து நடந்துகொள்கிறேன்.

அப்புறம், இப்போது குளிர்காலம் என்பதால் உன் கடிகாரம் என்னுடையதைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நண்பகலில் ஏறினால் மறுநாள் பகல் ஒரு மணி வாக்கில் அங்கே இறங்குவேன். மார்ச் முதல் வாரம் உனக்குச் சரிப்படுமா? பதில் வந்த அன்றே டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்