அத்தை வேடத்துக்கு ஆள் ரெடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விளம்பரத்தில் வாருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். கார், கோலா, சோப்புத்தூள் எல்லாம் அடிபட்டன. முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் அழகு கிரீம் மட்டும் எப்படித் தப்பியது? கிண்டலுக்கு அதைவிடத் தோதான சரக்கு உண்டா?

எங்கள் தென்னாப்பிரிக்காவில் எதிராளியை நேரடியாக மட்டம் தட்டினால் விளம்பர நெறிமுறை காதைத் திருகிவிடும். சாப்மன்ஸ் பீக் மலைச்சாலையிலிருந்து கார் உருண்டும் ஓட்டியவர் பிழைத்தார் என்று மெர்சிடிஸ் பெருமையடித்தது. எங்கள் வண்டி அந்த வளைவில் விழவே விழாது என்று பிஎம்டபிள்யூ பதிலுக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அதை நெடுநாள் ஓடவிடவில்லை. பீர் லேபிளைக் கேலி செய்து டி-ஷர்ட் போட்டவர்களுக்கு 2005-இல் அரசியல் சாசன நீதிமன்றமே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். அவர்கள் பீர் விற்கவில்லையே! போட்டி வியாபாரி அதை நம்பி இறங்க முடியாது.

ஆகவே பெயர் சொல்லாமல் குத்த வேண்டும். கிரீமைக் கிண்டல் செய்யும் என் முதல் விளம்பர யோசனை மஞ்சள்தூள் கடைக்காரருக்கு. (எங்கள் டர்பன் ஊர் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் காரமான மசாலாவுக்கு 'மாமியார் ஒழிப்பான்' என்று பெயர் வைத்து விற்பவர்கள் அவர்கள். நான் சொல்லித்தான் நையாண்டி தெரிய வேண்டுமா என்ன!) இந்திய வம்சாவளியினர் நிறைந்த எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண ஹால். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், காதுக்குக் கீழே வேறு நிறம், நடுவில் வேலி போட்ட மாதிரி கோடு. மாப்பிள்ளையின் அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கழுத்து மட்டும்தான் நம்ம சம்பந்தி வீட்டுதா?" என்கிறாள். டர்பன் புழுக்கம், ஏசியும் படுத்துவிட்டது. கிரீம் வழிந்து மாப்பிள்ளையின் வேட்டியில் சொட்டுகிறது. முன்வரிசையில் மஞ்சள் பூசிக் குளித்த ஆயா, எதுவும் வழியாமல், முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். பாக்கெட்டைக் காட்டி முடித்துவிடலாம்.

அடுத்தது, 'முன்', 'பின்' படங்கள். 'பின்' படத்தைக் கிளிக் செய்யும் நொடியில் லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு. இருட்டில் போட்டோகிராபர் குரல் மட்டும்: "பொறுங்க மேடம், கரண்ட் வந்ததும் சிவப்பாயிடுவீங்க." பல்பு கம்பெனிக்காரர்கூட இதை வாங்கிக்கொள்ளலாம்.

கிரீம்காரர்கள் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். ஹைட்ரோகுவினோன் என்ற, தோலை வெளுக்க வைக்கும் ரசாயனம் கலந்த கிரீமை ஆண்டுக்கணக்கில் பூசி, வெளுப்பதற்குப் பதில் கன்னத்தில் நீலக்கருப்பாகத் திட்டுவிழுந்த பெண்கள் இந்த நாட்டில் ஏராளம். திட்டு விழுந்ததும் அதை மறைக்க மறுபடி அதையே பூசினார்கள். 1990-இல் வந்த விதிகள் அந்தச் சரக்கைத் தடை செய்ததோடு, தோலை வெளுக்க வைக்கும் என்று விளம்பரம் செய்வதையும் நிறுத்தின. கள்ளத்தனமாக இன்னும் கிடைக்கிறது. இந்தியாவில் 'ஃபேர்' என்று விற்ற கிரீம் 2020-இல் 'க்ளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதிலிருந்துதான் மூன்றாவது விளம்பரம். போலீஸ் ஸ்டேஷனில் அடையாள அணிவகுப்பு. வரிசையில் ஒரு கிரீம் டியூப், ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, வெளியூர் ஆள் மாதிரி நிற்கிறது. அதே அத்தை வருகிறாள், மீசையைப் பிடித்து இழுக்கிறாள்.

இவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அத்தை வேடத்துக்கு மட்டும் வேறு ஆள் தேடக் கூடாது.

சாட்ஸ்வொர்த் வாசகி,
டர்பன்