சாயங்காலத்தில் தொடங்கும் நாள்

கோத்தகிரி

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். இங்கே எல்லாரும் சுகம். உறைபனியில் மேட்டுப் பக்கத்துத் தேயிலை கருகிவிட்டது, இனிக் கொழுந்து வர நாளாகும். கரடி நடமாட்டம் இருப்பதால் விடிவதற்கு முன் யாரும் வெளியே போவதில்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறி மாறி வரும்போது அதிகாலை ஜெபத்தை எப்படிப் பழக்கமாக்குவது, நைட் ட்யூட்டி முடிந்து வந்து முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வருகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய்.

அதிகாலைதான் ஜெபவேளை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். இயேசு இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் லூக்கா 6ஆம் அதிகாரத்தில் அவர் மலைமேல் இராமுழுதும் ஜெபித்திருக்கிறாரே! பைபிளில் சங்கீதம் 55:17ஐ எடுத்துப் பார். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்று அந்தியில்தான் ஆரம்பிக்கிறது. ஆதியாகமத்திலும் சாயங்காலமும் விடியற்காலமுமாகித்தான் முதலாம் நாள். யூதர்களுக்கு இன்றைக்கும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே பிறந்துவிடுகிறது. ஆகவே நைட் ட்யூட்டி வாரத்தில் உன் நாள் சாயங்காலம் தொடங்கட்டும். கிளம்புமுன் செய்கிற ஜெபம்தான் உன் காலை ஜெபம். காலையில் திரும்பி வந்ததும் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் படு, போதும்.

அப்புறம், ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாதே. தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு கட்டு. எனக்கு அது பால் காய்ச்சுவது. அடுப்பில் வைத்ததும், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஆரம்பிப்பேன், பால் பொங்குவதற்குள் நிதானமாகச் சொல்லி முடிக்கலாம். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். யாருக்காக ஜெபிப்பது என்று கிழமைவாரியாகப் பெயர்கள், எல்லாம் பென்சிலில். திங்களன்று நோயாளிகள், செவ்வாயன்று கொழுந்து பறிக்க வருகிற பெண்கள். சுகமானவர்களின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதி எழுதி, திங்கள்கிழமை வரிசையில் தாள் நைந்துவிட்டது. உனக்கு வார்டில் முதல் தடவை கை கழுவுகிற நேரம் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. எந்த ஷிப்டானாலும் அது உண்டே.

மனப்பாடமாகச் சொன்னால் சடங்காகிவிடாதா என்று கேட்கிறாய். மத்தேயு 6:7ல் வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்ற இயேசுதான், 9ஆம் வசனத்தில் பரமண்டல ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகக் கொடுக்கிறார். ஆதிசபையின் சிறு கையேடான டிடாக்கே அதை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது. களைத்துப்போனவள் வார்த்தை தேடி அலைய வேண்டாம் என்றுதான் அவரே தந்துவிட்டார் என நான் நம்புகிறேன். மனசு ஒட்டாத நாளிலும் அதைச் சொல். ஒட்டவில்லை என்பதையும் அவரிடமே சொல்.

சங்கீதத்துக்கு, ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், பழைய ஜெபப் புத்தகத்தின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்திருக்கிறார்கள். 119ஆம் சங்கீதம் 176 வசனம் என்பதால் 24ஆம் தேதி மாலை தொடங்கி 26 மாலை வரை போகும். இதில் பெரிய ஆறுதல், தேதிதான் கணக்கு. நாலு நாள் விட்டுப்போனாலும் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை, இன்றைய தேதிக்கு உரியதைத் திறந்தால் சரி. விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்கப் பார்த்துத்தான் பலரும் பழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாத ட்யூட்டி அட்டவணை வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, நீ ஜெபிக்கிற நேரத்தில் நானும் ஜெபிக்கிறேன். வார்டில் இருக்கும் அந்தப் பையனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு லீவு கிடைத்தால் மேட்டுப்பாளையம் வந்து பஸ் ஏறு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
கிரேஸ்